வாத்தியார் தைத்த அத்தாப்பு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் சிலேட்டைத் தொடாமல் கைவேலை பழகினால், அடுத்த வாரம் வாத்தியாரின் கையில் ரப்பர் மரம் சீவுகிற கத்தி இருக்கும் என்று நான் நம்பினேன். சும்மா சந்தேகப்படவில்லை, முழுதாக நம்பினேன். நாற்பதைத் தாண்டி, மீசையில் பாதி வெளுத்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவன் இதை நம்பினான். அந்த நம்பிக்கைக்கு ஒரு வாழை மரத்தையும் பலி கொடுத்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். வாழைக்கும் எனக்கும் நடுவே இருந்த பகை பற்றி வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

மலாயாவில் தாப்பாவுக்கும் பீடோருக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து மண்பாதையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். பள்ளிக்கூடம் என்பது ஒரே கூடம். இடுப்பளவு பலகைச் சுவர், மேலே ஓலையைத் தட்டியாகத் தைத்துப் போட்ட அத்தாப்புக் கூரை. எல்லா வகுப்பும் அதற்குள்தான். தலைமையாசிரியர் நான், உதவியாசிரியர் நான், மணி அடிப்பவனும் நான். பள்ளிக்கூடத்தை ஒட்டி எனக்கு ஒரு வீடு. தனி அடுப்படி, தனிக் கிணறு, பின்னால் என் மனைவியின் வாழை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரே அறையில் குடும்பம் முழுக்க முடங்கிக் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு மார்பு சற்று விரியும். அந்த வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் கூடவே போய்விடும்.

அப்போது ரப்பர் விலை விழுந்திருந்தது. மரம் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறப் போகிறவர்கள் எங்கள் பாதை வழியாகவே தாப்பா ரோடு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். எங்கள் தோட்டத்திலும் பங்களாத் தோட்டக்காரனை நிறுத்தினார்கள். அடுத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற பையனை. ஒவ்வொருவர் போகும்போதும் நான் மனதுக்குள் ஒரு வரிசை போட்டுப் பார்ப்பேன்: இந்தத் தோட்டத்தில் இல்லாவிட்டாலும் பால் வாளி நிறையும் என்று சொல்லக்கூடிய ஆள் அடுத்து யார்? எப்படிப் போட்டுப் பார்த்தாலும் வரிசையின் தலையில் நான்தான் நின்றேன், கையில் சாக்பீஸோடு.

போதாக்குறைக்கு, பீடோரிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருகிற வண்டிக்காரர் ஒரு நாள் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல வாத்தியாரு மரத்துக்கிட்ட கத்தியோட நிக்கிறாரு, அண்ணே. கண்ணால பாத்தேன். கோட்டு போட்டுக்கிட்டே நிக்கிறாரு, பாவம்."

கோட்டு போட்டுக்கொண்டே என்பதுதான் என்னைக் கொன்றது. என்னிடமும் ஒரு கோட்டு இருந்தது.

அதற்கு முந்தின மாதம் ஈப்போவிலிருந்து பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற அதிகாரி ஒருவர் வந்து போயிருந்தார். அன்று பார்த்து நல்ல மழை. எங்கள் கூரை ஓலை வயதாகிப்போய், வானத்தைப் பார்த்தாலே அழுகிற நிலையில் இருந்தது. அவர் நாற்காலியை எந்தப் பக்கம் இழுத்துப் போட்டாலும் சொட்டு அவரைத் தேடி வந்தது. கடைசியில் தொப்பியைக் கழற்றாமலே பிள்ளைகளைப் படிக்கச் சொன்னார். பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். போகும்போது அவரும் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் வெளியே நின்று வெகுநேரம் ஆங்கிலத்தில் பேசினார்கள். இடையிடையே இருவரும் திரும்பிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள். புத்தியுள்ள எவனும் அவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பான். நான், அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை பெரிய கிராணி சைக்கிளில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆபீசில் துரைக்கு அடுத்து அவர்தான். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே பேசுவது அவர் வழக்கம்.

"வாத்தியார், திங்கட்கிழமையில இருந்து ஒரு கிழமைக்குச் சிலேட்டு, புத்தகம் ஒண்டும் வேண்டாமாம். பிள்ளையள் கைவேலை பழக வேணுமாம். ஓலையும் பிரம்பும் வரும். அத்தாப்புத் தைக்கப் பழக்கும். வெள்ளிக்கிழமை துரை வந்து பாப்பார்."

"எதுக்குங்க ஐயா?" என்று கேட்டிருக்க வேண்டும். வாய் திறந்தது. வந்தது வேறு. "சரிங்க ஐயா."

"என்ன, முகம் ஒரு மாதிரிப் போகுது? காய்ச்சலோ?"

"இல்லைங்க ஐயா. வெயில்."

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் மூடியிருந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். முதலில் சிலேட்டை எடுக்கிறார்கள். பிறகு பிள்ளைகள் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று துரை பார்க்கிறார். நன்றாக ஓடினால் பிள்ளைகளைப் புல்வெட்டுக்கு அனுப்புகிறார். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் எதற்கு? வாத்தியாருக்குக் கத்தி. எங்களுக்கு லயத்தில் ஒரு அறை. ஒவ்வொரு படியாக, கணக்குப் பாடம் நடத்துவது போல நடத்தி முடித்தேன். எனக்கே என் தெளிவு பிடித்திருந்தது.

அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் கிராணி சொன்னாரா?"

"அவரு சொல்வாரா? நாமதான் புரிஞ்சிக்கணும்."

"ஆபீசுக்குப் போயி, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன். பத்து எட்டு வைச்சா ஆபீசு."

திங்கட்கிழமை காலையில் போனேன். கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தானெல்லாம் மாட்டிக்கொண்டு, ஆபீஸ் வாசல்வரை தைரியமாகப் போனேன். அங்கே ஒரு சிக்கல். கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரைக்கும் நான் வாத்தியார். பெரிய கிராணி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேணும்?"

"சாக்பீஸு கொஞ்சம் வேணுங்க, ஐயா."

"சிலேட்டே இல்லாத கிழமையில உமக்குச் சாக்பீஸ் எதுக்கு?"

நான் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். ஆனாலும் ஒரு பெட்டி கொடுத்தார். அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் அது கலகலவென்று என்னைக் கேலி செய்தது.

பள்ளிக்கூட வாசலில் மாட்டுவண்டி நின்றது. ரும்பியா என்கிற சவ்வரிசிப் பனையின் ஓலை மலைபோல் குவிந்திருந்தது. பக்கத்தில் மூங்கில் சீவல்களும் மெல்லிசாகக் கிழித்த பிரம்பு நாரும். ஓலையைக் கொண்டுவந்த மலாய்க்காரர் பக்கத்து மலாய்க் கிராமமான கம்போங்கைச் சேர்ந்தவர். வண்டியிலேயே உட்கார்ந்து பீடி புகைத்தபடி, நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்பதால் நான் ஒரு தவறு செய்தேன். எனக்குத் தெரியும் என்பது போல ஓலையைக் கையில் எடுத்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் தென்னங்கீற்று முடைவதைத் தெருவில் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன். ஓலை என்றால் பின்ன வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ரும்பியா ஓலையை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் விட்டுப் பின்னினேன். அது என் கையிலிருந்து பாம்பு போல நழுவியது. மறுபடி பின்னினேன். பிள்ளைகள் மரியாதையாக வாயைப் பொத்திக்கொண்டார்கள். மலாய்க்காரர் பொத்திக்கொள்ளவில்லை.

"புக்கான் பெகித்து, குரு," என்று சிரித்தபடி வண்டியிலிருந்து குதித்தார். அப்படி இல்லையாம். மூங்கில் சீவலை எடுத்தார். ஓலையை அதன்மேல் மடித்துத் தொங்கவிட்டார். அடுத்த ஓலையை முதல் ஓலையின் பாதியை மறைக்கிற மாதிரி நெருக்கி வைத்து, பிரம்பு நாரால் குத்தி இழுத்தார். ஒரு கை நீளத்துக்கு ஓர் அத்தாப்பு முடிந்தது. அதை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். அதற்குள் வெளிச்சம் நுழையவில்லை. பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, மாட்டைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அப்போது அதை ராஜதந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். ஓலையை நெருக்கி வைத்தால்தானே நல்ல அத்தாப்பு? தள்ளித் தள்ளி வைத்தால்? வெள்ளிக்கிழமை துரை வருவார், ஓட்டை விழுந்த அத்தாப்புகளைப் பார்ப்பார். இந்தப் பிள்ளைகள் கைவேலைக்கு லாயக்கில்லை, இவர்களைப் படிக்கவே விட்டுவிடலாம் என்று முடிவு செய்வார். பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் இருந்தால் நான். எவ்வளவு சுத்தமான கணக்கு!

"புள்ளைங்களா, அவரு அவசரத்துல நெருக்கி வச்சிட்டாரு," என்றேன். "ஓலைக்கும் மூச்சு விட எடம் வேணும். ஒரு வெரல் தள்ளித் தள்ளி வைங்க."

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். என்ன சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பவள். "மழ பேஞ்சா ஒழுவாதுங்களா, வாத்தியாரே?"

"மழைக்கும் வழி வேணும்ல?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் செய்தாள். எல்லோரும் செய்தார்கள். நானும் மாதிரிக்கென்று சில செய்தேன். அவர்கள் ஒரு விரல் விட்டால் நான் இரண்டு விரல் விட்டேன். எனக்குத் தெரிந்து என் வாழ்நாளில் நான் முழு மனதோடு செய்த முதல் கைவேலை அதுதான்.

எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றை அப்போது நான் மறந்துபோனேன். பெரட்டு என்று ஒன்று உண்டு. விடியுமுன் எல்லாரும் ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள், யாருக்கு எங்கே வேலை என்று சொல்வார்கள். முந்தின நாள் யாராவது வேலையைக் கெடுத்திருந்தால், கங்காணி அதை அங்கேதான் எடுப்பார். மரத்தில் காயம் போட்டவன் பெயர், வாளியில் தண்ணீர் கலந்தவள் பெயர், எல்லாம் ஊர் முன்னால் உரக்க வரும். அடிகூடத் தாங்குவார்கள், அதைத் தாங்க மாட்டார்கள். ஆகவே லயத்துப் பெண்கள் யாரும் சொல்லாமலே ஒன்று செய்வார்கள். தம் வீட்டு வேலை எதுவானாலும் நுனியில் தம் சேலையிலிருந்து கிழித்த ஒரு கிழிசலை முடிந்து வைப்பார்கள். நல்லதென்றால் நம்முடையது என்று தெரியட்டும். இன்னொருத்தி செய்த கேடு நம் தலையில் விழ வேண்டாம்.

மத்தியானம் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டுத் திரும்புகிற தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பள்ளிக்கூடத்தின் பக்கம் வந்தார்கள். அந்த எதிர்க்கேள்விப் பெண்ணின் தாய்தான் முதலில் நின்றாள். காலி வாளியை இறக்கி வைத்தாள். ஓர் அத்தாப்பை எடுத்தாள். முகத்துக்கு நேரே பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, நீங்க நல்லாத் தெரியிறீங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இது அத்தாப்பா, மாவு சலிக்கிற சல்லடையா?" என்றாள் இன்னொருத்தி.

"ஒனக்கு ஒண்ணும் தெரியலடி. கோழி கூரை மேல ஏறாம உள்ளருந்தே வானத்தப் பாக்கலாம்ல, அதுக்கு."

நான் தொண்டையைச் செருமினேன். "புள்ளைங்க இப்பத்தான் பழகுதுங்கம்மா. மொதநாளு. அப்படித்தான் இருக்கும்."

"பழகுறது நல்லதுதான், வாத்தியாரே. வெள்ளிக்கெழம தொர பாக்க வாராராமே? மறுநா பெரட்டுல கங்காணி இதைத் தூக்கிப் புடிச்சு, எவ பெத்த புள்ள செஞ்சதுன்னு கேட்டா, நான் எந்தச் செவுத்துல மோதிக்கிறது?"

அவ்வளவுதான். அவர்கள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். பாலின் புளித்த வாடை அடிக்கிற கைகள் என் ராஜதந்திரத்தை ஒவ்வொரு நாராகப் பிரித்துப் போட்டு, நெருக்கி வைத்து, இழுத்துத் தைத்தன. பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். தைத்து முடித்ததின் நுனியில் சேலைக் கிழிசல் ஏறியது. மறுநாளும் இதேதான் நடந்தது. காலையில் நான் கெடுப்பேன், மத்தியானம் அவர்கள் சரிசெய்வார்கள். அதற்கடுத்த நாள் பிள்ளைகளே நான் சொன்னதைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நான் "ஒரு வெரல்" என்று வாய் திறக்கும் முன்பே, "சரிங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு நெருக்கி வைத்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்புக் கிழிசல்களோடு அத்தாப்புகள் மூலையில் உயர்ந்துகொண்டே போயின. வேறு எந்த வாத்தியாரும் பூரித்துப் போயிருப்பார். நான் அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் என் வீடு ஒவ்வொரு சாணாக என்னைவிட்டு விலகுவதாகக் கண்டேன்.

ஆகவே வருவதற்குத் தயாராக வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். மரம் சீவத்தான் போகிறோம் என்றால் கோணலாகச் சீவிப் பெரட்டில் பெயர் வாங்கக் கூடாது. ரப்பர் மரத்தில் பழக முடியாது. தொட்டால் கங்காணி கேட்பார். வீட்டுக்குப் பின்னால் மரம் என்று இருந்தது ஒன்றுதான்.

சாயங்காலம் என் மனைவி கிணற்றடியில் இருந்தாள். நான் அடுப்படியிலிருந்து அரிவாள்மணைக்குப் பக்கத்தில் கிடந்த சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஆட்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன்: சற்றுக் குனிந்து, சரிவாக, மேலாகத் தோலை மட்டும் இழைக்க வேண்டும். வாழையின் அடியில் கத்தியை வைத்து இழுத்தேன். சுகமாக இறங்கியது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதே கோட்டில் இன்னொரு தடவை. இன்னும் சரியாக வர இன்னொரு தடவை. மரத்தைச் சுற்றி நகர்ந்து, நகர்ந்து, கால் வைக்கும் முறையோடு பழகினேன். வெட்டிலிருந்து வழிகிற சாற்றைப் பிடிக்கத் தேங்காய்ச் சிரட்டைகூட வைத்திருந்தேன். எதையும் முறையாகச் செய்பவன் நான்.

வாழைக்கு அவ்வளவு தாங்கவில்லை. மெதுவாகச் சாய்ந்தது. பிறகு வேகமாகச் சாய்ந்தது. பிஞ்சுத் தாரோடு கோழிக்கூண்டின் மேல் விழுந்தது. கோழிகள் போட்ட சத்தத்தில் என் மனைவி ஓடிவந்தாள். கையில் கத்தி, காலடியில் சிரட்டை, கோட்டுடன் நான்.

அவள் மரத்தைப் பார்த்தாள். சிரட்டையைப் பார்த்தாள்.

"பாலு எவ்வளவு வந்திச்சு?" என்றாள்.

"கிண்டல் பண்ணாத. உனக்காகத்தான். லயத்துக்குப் போனா…"

"லயத்துக்குப் போனா அங்க ஒரு வாழையும் இருக்காது, நீங்க சாய்க்கிறதுக்கு. அந்த மட்டும் நல்லது." பிஞ்சுத் தாரை மடியில் அள்ளினாள். "இந்த வாரம் பூரா வாழைக்காக் கறிதான். வாயத் தெறக்காம சாப்பிடணும்."

வாயைத் திறக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

வியாழக்கிழமைப் பள்ளி விட்டதும் எனக்குக் கடைசியாக ஒரு வழி தோன்றியது. பிள்ளைகள் செய்தவை நல்லவையாகிவிட்டன, சரி. ஆனால் மாதிரிக்கென்று நான் செய்தவை அப்படியே இருந்தன. என்னுடையதைத் திருத்த எந்தத் தாயும் இல்லை. துரை குவியலைக் கலைத்துப் பார்க்கவா போகிறார்? மேலே இருப்பதைத்தான் எடுப்பார். ஆகவே என்னுடையவற்றை எல்லாம் குவியலின் உச்சியில் அடுக்கினேன். அவற்றில் சேலைக் கிழிசல் கிடையாது. யார் செய்தது என்று எவருக்கும் தெரியாது. பிள்ளைகள் செய்தது என்றே துரை நினைப்பார். நிம்மதியாக வீட்டுக்குப் போய் வாழைக்காய்க் கறி சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் துரையின் குதிரை பாதையில் தெரிந்ததும் கோட்டின் பொத்தானை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாருடைய அத்தாப்புக்கும் அடையாளம் இருக்கிறதே, வாத்தியாருடையதற்கு மட்டும் இல்லையே என்று அந்த எதிர்க்கேள்விப் பெண்ணுக்கு மனசு பொறுக்கவில்லை. கரும்பலகை துடைக்கிற வெள்ளைத் துணியைக் கிழித்து, என்னுடைய ஒவ்வொன்றின் நுனியிலும் அழகாக முடிந்துவிட்டாள். அன்பினால்தான்.

துரை உயரமான ஆள். குனிந்து உள்ளே வந்தார். பின்னால் பெரிய கிராணி. பிள்ளைகள் எழுந்து கும்பிட்டார்கள். துரை நேரே குவியலுக்குப் போய், நான் எதிர்பார்த்தபடியே உச்சியில் இருந்ததை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதில் வானம் கோடு கோடாகத் தெரிந்தது. வேலை பிழைத்தது என்றே நினைத்துவிட்டேன்.

தோட்டத்துத் துரைமார் பேசுகிற தமிழ் ஒன்று உண்டு. அதில் கேட்டார். "இது யாரு செஞ்சிருக்கு?"

நான் முந்திக்கொண்டேன். "புள்ளைங்கதாங்க, தொரே. சின்னப் புள்ளைங்க. கை வரல…"

துரை அதன் நுனியில் தொங்கிய வெள்ளைக் கிழிசலைப் புரட்டிப் பார்த்தார். அதில் சாக்பீஸ் தூள் படிந்திருந்தது. அதற்குள் கூடம் முழுதும் ஒரே குரலாக, பாடம் ஒப்பிக்கிற ராகத்தில் சொன்னது:

"வாத்தியாரு செஞ்சது, தொரே!"

எவ்வளவோ நாள் தொண்டை கிழியக் கத்தியும் அந்தப் பிள்ளைகள் அவ்வளவு சேர்ந்து, அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

துரை என்னைப் பார்த்தார். அந்த அத்தாப்பைப் பார்த்தார். "வாத்தியாருக்கு ஆகாசம் பாக்க ரொம்ப ஆசை," என்றார்.

பெரிய கிராணி இருமலை அடக்குவது போல வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. துரை குவியலுக்குள் கைவிட்டு, நடுவிலிருந்து பச்சைக் கிழிசல் கட்டிய ஒன்றை உருவினார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். வெளிச்சம் வரவில்லை. இன்னொன்று, மஞ்சள். அதிலும் வரவில்லை. தலையை ஆட்டினார். கிராணியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, குனிந்து வெளியே போய்க் குதிரையில் ஏறிவிட்டார். ஒரு சுருட்டில் பாதிகூடப் புகைந்திருக்காது, எல்லாம் முடிந்துவிட்டது.

நான் கிராணியிடம் போனேன். "ஐயா, நான் என்னைக்கு வீட்டைக் காலி பண்ணணும்?"

பெரிய கிராணி கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். "எந்த வீட்டை?"

"நான் இருக்கிற வீட்டை. புள்ளைங்க புல்வெட்டுக்குப் போனதுக்கு அப்புறம்…"

"ஆர் சொன்னது புல்வெட்டு எண்டு? உமக்கு என்ன பிடிச்சிருக்கு?" அன்றைக்கு முதல்முறையாக அவர் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பேசினார். "ஈப்போவிலயிருந்து வந்த அதிகாரி நனைஞ்சு போனவரல்லோ. கூரையை மாத்து, இல்லையெண்டால் அரசாங்க உதவி இல்லை எண்டு சொல்லிப் போட்டார். பிள்ளையளுக்குக் கைவேலையும் பழக்க வேணும் எண்டவர். ரப்பர் விக்கிற விலைக்குக் கம்போங்கில அத்தாப்பு வாங்கித் துரைக்குக் கட்டுமோ? ஓலையை மட்டும் வாங்கினார். பிள்ளையள் தைக்கட்டும், ரெண்டு வேலையும் முடிஞ்சுது எண்டு. நாளைக்கு ஆக்கள் வந்து பள்ளிக்கூடத்துக்குக் கூரை மேய்வினம். மூடப்போற பள்ளிக்கூடத்துக்கு ஆராவது புதுக்கூரை போடுவினமோ?"

"அப்ப பீடோர்ப் பக்கம் அந்த வாத்தியாரு? கத்தியோட மரத்துக்கிட்ட?"

"அவரோ! அந்தத் தோட்டத்துத் துரைசானி புதுசாப் படம் பிடிக்கிற பெட்டி வாங்கினவ. தோட்டத்துப் படம் ஊருக்கு அனுப்ப வேணும் எண்டு, ஆரோ ஒரு ஆளைக் கத்தியோட நிக்கச் சொன்னவ. அவர் கோட்டையும் போட்டுக்கொண்டு போய் நிண்டவர்." எழுந்து வாசல்வரை போய், நின்று திரும்பினார். "எனக்கு ஒண்டு மட்டும் சொல்லும். அண்டைக்குச் சாக்பீஸ் ஏன் கேட்டனீர்?"

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் வாழைக்காயைச் சீவிக்கொண்டே கேட்டாள். "பத்து எட்டு வைச்சா ஆபீசுன்னு நான் சொன்னேனா, இல்லையா?" தட்டில் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தாள்.

சனிக்கிழமை ஆட்கள் வந்து பழைய ஓலையை இறக்கினார்கள். அத்தாப்பு மேய்வது கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மேலே ஏறுகிற வேலை. விளிம்பு வரிசையை முதலில் கட்டுவார்கள், அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. குவியலின் உச்சியில் இருந்ததைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார்கள். தொடங்கியது மேற்குப் பக்கத்து விளிம்பில். என் மேசை மேற்குச் சுவரோரம், விளிம்புக்கு நேர் கீழே. நான் நிமிர்ந்து பார்த்தபோது என் தலைக்கு மேல் வெள்ளைக் கிழிசல்கள் வரிசையாகத் தொங்கின. "அதை மாத்துங்க" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பேசாமல் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சிலேட்டுகள் திரும்பி வந்தன. பள்ளிக்கூடத்தை யாரும் மூடவில்லை, எவர் கையிலும் கத்தி வரவில்லை. மத்தியானத்துக்கு முன்னால் நல்ல மழை பிடித்தது. பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் எங்கேயும் ஒரு சொட்டு விழவில்லை. என் மேசைமேல் ஒழுகியது.